மீண்டும் மீண்டும் வரும் துயரம்



ஒருமுறை வந்து நீங்கும் துன்பத்தைப் பற்றி இன்று நாம் பேசப்போவதில்லை. நோய் வருகிறது, மருந்துண்கிறோம், நீங்குகிறது. பொருளை இழக்கிறோம், வருந்துகிறோம், பின்னர் உழைத்து ஈட்டுகிறோம். இவை உலகில் யாவர்க்கும் உள்ளவை. ஆனால் ஆள் மாறியும், ஊர் மாறியும், வேலை மாறியும், ஒரே துன்பம் அதே முகத்தோடு மீண்டும் மீண்டும் நம் வாயிலில் வந்து நிற்பதை நீங்கள் கண்டதுண்டா? ஒருவர் எந்த வேலையில் சேர்ந்தாலும் ஆறு மாதத்திற்குள் மேலாளரோடு மனம் முறிந்து வெளியேறுகிறார். ஓர் அம்மையார் எவரிடம் அன்பு வைத்தாலும், அவர் தம்மைக் கைவிட்டுவிடுவாரோ என்னும் அச்சத்தால் ஓயாது வினவி வினவி, முடிவில் அவர் விலகிப் போகும்படியே செய்துவிடுகிறார். மற்றொருவர் தம் தந்தையின் சினத்தை வெறுத்து வளர்ந்தவர். இன்று தம் மகன்மேல் கை ஓங்கும்போது, அந்தக் கை தம் தந்தையின் கையாகவே இருக்கக் கண்டு திகைக்கிறார்.

இவற்றிற்கெல்லாம் நம் நாட்டார் கூறும் விடை ஒன்றே: விதி. தலையெழுத்து என்பர், போன பிறப்பின் பயன் என்பர். பிறப்பினால் உயர்வு தாழ்வு உண்டு என்பதையும், அதற்குக் காரணமாக நம் முன்னோரிடம் சொல்லப்பட்ட தலையெழுத்தையும் ஏற்கமாட்டோம் என்று துணிந்து தம்மத்தைச் சரணடைந்தவர்கள் நாம். ஆயினும் நம் கோபத்தைப் பற்றியும் அச்சத்தைப் பற்றியும் பேச நேர்ந்தால், "என் குணம் இப்படி, நான் என் செய்வேன்?" என்கிறோம். வீதியில் துரத்திய விதியை வேறு வேடமிட்டு வீட்டுக்குள் குடிவைத்தவர்கள் ஆகிறோம் அன்றோ?

காரணமின்றி எதுவும் தோன்றுவதில்லை என்பதே பகவானுடைய போதனையின் உயிர்நாடி. பேதைமை முதலாகிய பன்னிரு சார்புகளை மணிமேகலை நமக்குத் தமிழிலேயே விளக்குகிறது. ஊறு உண்டாயின் நுகர்வு உண்டாகிறது. நுகர்வினால் வேட்கை பிறக்கிறது. வேட்கையினால் பற்று வளர்கிறது. காரணம் உள்ளதாயின் அதனை அறியலாம். அறியலாமாயின் அதனைத் தளர்த்தலாம். அவ்வாறாயின், மீண்டும் மீண்டும் வரும் இந்த மனத்துயருக்கும் காரணம் இருத்தல் வேண்டும். அதனை அறிதற்கு இக்காலத்தில் மேனாட்டார் கண்ட ஒரு வழியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதன் பெயர் சைக்கோடைனமிக் கவுன்சிலிங் என்பது. தமிழில் உள்ளத்தியக்க ஆலோசனை என்று நாம் வழங்கலாம்.

இதற்கு வித்திட்டவர் சிக்மண்டு பிராய்டு என்னும் மருத்துவர். 1856 ஆம் ஆண்டு மொரேவியா நாட்டில் யூத குலத்தில் பிறந்து, வியன்னா நகரில் மருத்துவம் செய்தவர். இழித்துரைக்கப்பட்ட மக்களுள் ஒருவராய்ப் பிறந்தவர் என்பது நாம் கருதத்தக்கது. 1938 ஆம் ஆண்டு நாஜிகளின் கொடுமையால் அவர் தம் எண்பத்திரண்டாம் வயதில் வியன்னாவை விட்டு இலண்டனுக்கு ஓட நேர்ந்தது. அவருடைய சகோதரியர் நால்வர் அக்கொடுமைக்கே இரையாயினர்.

அவருக்கு மூத்த நண்பரான ஜோசப் பிராயர் என்னும் மருத்துவர், 1880 முதல் 1882 வரை ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை செய்தார். அவள் தன் உள்ளத்தில் கிடந்தவற்றை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, அவளுடைய நோய்க்குறிகள் சில தணிந்தன. அவள் அதனால் முற்றும் குணமடைந்துவிட்டாள் என்று பிற்காலத்தார் சிலர் சொல்வது சரியன்று. சில ஆண்டுகள் அவள் மேலும் துன்புற்றாள். ஆயினும் பேச்சே மருந்தாகும் என்னும் எண்ணம் அங்கே பிறந்தது. 1895 ஆம் ஆண்டு அவ்விரு மருத்துவரும் தாம் கண்டவற்றை ஒரு நூலாக வெளியிட்டனர்.

பின்னர் 1914 ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில் பிராய்டு நம் பொருளுக்கு நேரான ஓர் உண்மையை விளக்கினார். மனிதன் மறந்துவிட்ட பழந்துன்பம் அழிந்து போவதில்லை. அவன் அதனை நினைவாகக் கூறமாட்டான், செயலாகச் செய்துகாட்டுவான். தந்தைக்கு அஞ்சி எதிர்த்து நின்ற இளமையை ஒருவன் மறந்திருக்கலாம். ஆனால் மருத்துவரிடம் வந்து அமர்ந்ததும் அவரிடத்திலேயே அந்த அச்சத்தையும் எதிர்ப்பையும் காட்டத் தொடங்குவான். தான் செய்வது பழையதன் மறுபதிப்பு என்று அவன் அறியான்.

நெசவாலையில் பணி செய்தோர் இதனை எளிதில் உணர்வர். ஜக்கார்டுத் தறியிலே பூவேலைக்காக அட்டைகளைத் துளையிட்டுக் கோத்து மாட்டுகிறோம். அவற்றுள் ஓர் அட்டையில் ஒரு துளை தவறியிருந்தால், அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் துணியில் அதே இடத்தில் அதே பிழை விழும். துணியைப் பார்த்து நூலைக் குறை கூறலாம், ஊடையை மாற்றலாம், நெசவாளியைத் திட்டலாம், தறியையே வேறு மூலைக்கு நகர்த்தலாம். பிழை நிற்காது. தறியை நிறுத்தி, மேலே ஏறி, அட்டைக் கோவையைப் பார்த்தால் அன்றி அதன் மூலம் தெரியாது. ஆள் மாறினாலும் ஊர் மாறினாலும் துயரம் மாறாத வாழ்க்கையும் அத்தகையதே.

அட்டையில் துளையிட்டது யார்? பெரும்பாலும் இளமைக் காலம். இலண்டனில் டாவிஸ்டாக் என்னும் மனநல நிலையத்தில் ஜான் பௌல்பி என்னும் மருத்துவரும் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவரும் இதனை ஆராய்ந்தனர். 1952 ஆம் ஆண்டு ராபர்ட்சன் ஒரு திரைப்படம் எடுத்தார். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி சிறிய அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். தாய் உடனிருக்க அக்காலத்தில் அங்கே இடமில்லை. குழந்தை தன் கரடிப் பொம்மையைப் பற்றிக்கொண்டு, அழுகையை அடக்க முயல்வதைப் படம் காட்டிற்று. அவள் அமைதியாக இருக்கிறாள் என்று கண்டோர் கருதினர். அது அமைதியன்று, அடக்கப்பட்ட துயரம். இத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாகப் பிரிட்டனில் தாய் தந்தையர் தம் குழந்தைகளை மருத்துவமனையில் தடையின்றிக் காணலாம் என்று 1959 ஆம் ஆண்டு ஓர் அரசாங்கக் குழு பரிந்துரை செய்தது. பிறர் நம்மிடம் எப்படி நடந்துகொள்வர் என்பதற்குக் குழந்தை தன் முதல் உறவுகளைக் கொண்டே ஒரு கணக்கு வகுத்துக்கொள்கிறது என்றும், வளர்ந்த பின்னும் அந்தக் கணக்கையே புதியவர் மேலும் போடுகிறது என்றும் பௌல்பி விளக்கினார்.

இனி, இந்த ஆலோசனை நடைபெறும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டினால் கூறுவேன். இவர் நம் கற்பனை மனிதர். ஆனால் இவரைப் போன்றோர் நம்மிடையே இல்லாமல் இல்லை. நாற்பது வயதுள்ள ஒரு தொழிலாளி. மேலாளர் குரலை உயர்த்திப் பேசினால் இவருக்கு நா எழாது. தலை குனிந்து நிற்பார். மாலையில் வீடு சேர்ந்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு மனைவியிடம் எரிந்து விழுவார். சில நாளில் வேலையை விட்டு நின்றுவிடுவார். மூன்று இடங்களில் இவ்வாறே நடந்தது.

ஆலோசகர் இவரை வாரத்திற்கு ஒருமுறை, ஏறக்குறைய 50 நிமிடம், குறித்த நாளில் குறித்த நேரத்தில் சந்திக்கிறார். அறிவுரை கூறுவதில்லை, தீர்ப்பு வழங்குவதில்லை. மனத்தில் தோன்றுவதைத் தோன்றியவாறே கூறுமாறு சொல்லிச் செவி சாய்க்கிறார். பல வாரங்களுக்குப் பின் ஒரு நினைவு எழுகிறது. பள்ளியில் இவரைத் தனியே அமர்த்தினர். குடிநீரைத் தொடவிடாமல் மேலிருந்து ஊற்றினர். ஒருநாள் எதிர்த்துப் பேசியதற்காக அடியுண்டு வீடு திரும்பினார். தந்தை இவரை அணைத்துக்கொண்டு, "இனி வாய் திறவாதே, அப்பா" என்றார். தம் மகன் உயிரோடிருக்க வேண்டும் என்ற அன்பினால் சொன்ன சொல் அது.

அன்பர்களே, இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். அந்த மௌனம் அன்று கோழைத்தனமன்று. அந்தச் சிறுவனைக் காத்த கேடயம். இன்று வாழ்வைக் கெடுக்கும் பழக்கம், பெரும்பாலும் ஒரு காலத்தில் உயிரைக் காத்த பழக்கமே. ஆதலின் அதனை வெறுக்கலாகாது. போர் முடிந்த பின்னும் கேடயத்தைக் கீழே வைக்கத் தெரியாமல், உண்ணும்போதும் உறங்கும்போதும் சுமந்து திரிவதே துன்பம்.

டாவிஸ்டாக்கில் பணிபுரிந்த டேவிட் மாலன் என்பவர் 1979 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை இரண்டு முக்கோணங்களாக அமைத்துக் காட்டினார். முதல் முக்கோணத்தின் மூலைகள்: உள்ளே மறைந்த உணர்ச்சி, அது வெளிப்பட்டால் என்ன ஆகுமோ என்னும் அச்சம், அவ்வச்சத்தினின்று தப்ப நாம் மேற்கொள்ளும் தற்காப்பு. நம் தொழிலாளிக்கு மறைந்த உணர்ச்சி சினம், அச்சம் அடியும் இழிவும், தற்காப்பு மௌனம். இரண்டாம் முக்கோணத்தின் மூலைகள்: பண்டைய மனிதர், இன்றைய மனிதர், எதிரே அமர்ந்திருக்கும் ஆலோசகர். பள்ளியில் நடந்தது ஆலையில் நடக்கிறது. ஆலையில் நடப்பது ஆலோசனை அறையிலும் நடக்கும்.

நடக்கவும் செய்கிறது. ஆலோசகர் ஒருமுறை இரண்டு வாரம் விடுப்பில் செல்கிறார். திரும்பி வந்ததும் தொழிலாளி பேசாது அமர்கிறார். "இனி நான் வரவில்லை" என்கிறார். ஆலோசகர் கடிந்துகொள்ளவில்லை, கெஞ்சவும் இல்லை. "நான் உங்களைப் பொருட்படுத்தாமல் சென்றேன் என்று சினம் கொண்டீர்கள் போலும், அதைச் சொன்னால் நான் பழிவாங்குவேன் என்று அஞ்சி, மூன்று வேலைகளை விட்டதுபோல் என்னையும் விடுகிறீர்களோ?" என்று வினவுகிறார். தொழிலாளி முதன்முறையாக, "ஆம், கோபந்தான்" என்கிறார். வானம் இடிந்து விழவில்லை. எதிரே இருப்பவர் அடிக்கவில்லை. அறையை விட்டு எழுந்து போகவும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார். நாற்பதாண்டு காலக் கணக்கு அன்று முதன்முதலாகப் பொய்க்கிறது. இத்தகைய நாள் ஒன்று போதாது, பல வேண்டும். பழகியதைப் பலமுறை கண்டு, பலமுறை தவறி, பலமுறை திரும்பவேண்டும். ஆகவேதான் இவ்வாலோசனை சில மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை நீள்கிறது.

ஆலோசகர் இதனைக் கவனியாது விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிராய்டின் வாழ்விலேயே சான்று உண்டு. 1900 ஆம் ஆண்டு அக்டோபரில் பதினெட்டு வயதை எட்டும் நிலையில் இருந்த பெண் ஒருத்தியை அவள் தந்தை அவரிடம் அழைத்து வந்தார். நூல்களில் டோரா என்னும் புனைபெயரால் குறிக்கப்படுபவள் அவள். குடும்ப நண்பன் ஒருவன் அவள் சிறுமியாய் இருந்தபோதே அவளிடம் முறைகேடாக நடந்தான். அவள் சொன்னதைத் தந்தை நம்பவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 31 ஆம் நாள் அவள் சிகிச்சையை முறித்துக்கொண்டு போய்விட்டாள். அந்த நண்பன்மீது கொண்ட மனக்கொதிப்பை அவள் தம்மீது பெயர்த்து வைத்ததைத் தாம் காலத்தில் உணரவில்லை என்று 1905 ஆம் ஆண்டு பிராய்டு தாமே எழுதி வெளியிட்டார். பின்வந்த அறிஞர் பலர் இன்னொரு குறையும் கண்டனர். நடந்தது உண்மை என்று பிராய்டு நம்பியபோதிலும், அவளுடைய சினம் நியாயமானது என்பதற்கு உரிய இடம் கொடாமல், அவள் மனத்திலேயே பெரிதும் காரணம் தேடினார் என்பதே அக்குறை.

இக்குறையை நாம் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் நமக்கு இழைக்கப்பட்டவை கற்பனையல்ல. பாபாசாகேப் அம்பேத்கர் தம் பள்ளிப் பருவத்தில் கோணிச்சாக்கில் தனியே அமர்ந்ததையும், பள்ளிச் சேவகன் இல்லாத நாளில் குடிநீர் இல்லாதிருந்ததையும் தாமே எழுதி வைத்திருக்கிறார். சாதி என்பது நம் மனத்தின் நோயன்று, சமூகத்தின் நோய். "உன் மனத்தைச் சரி செய்துகொள், எல்லாம் சரியாகும்" என்று எந்த ஆலோசகராவது கூறி, அநீதியை நம் தலையில் கட்டுவாராயின், அவரை விட்டு நீங்குவதே தகும். நல்ல ஆலோசனை, நேர்ந்தது அநீதியே என்று ஒப்புக்கொள்வதிலிருந்து தொடங்கும். நம் தொழிலாளி ஆலோசனையால் பணிந்து போகும் மனிதர் ஆகவில்லை. மேலாளரிடம் கூறவேண்டியதை மேலாளரிடமே, நடுங்காத குரலில் கூறக் கற்றார். ஆகவே மனைவி மக்களின்மேல் அது இறங்கவில்லை.

பகவான் இரண்டு அம்புகளைப் பற்றிக் கூறியிருப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். முதல் அம்பு தைத்த வலியோடு, அதனைப் பற்றிப் புலம்பிக் கலங்கும் மனத்தின் வலி இரண்டாம் அம்பாகிறது. முதல் அம்பை எய்தவன் வேறொருவன்; அவனைத் தடுக்கச் சட்டமும் சங்கமும் போராட்டமும் வேண்டும். இரண்டாம் அம்போ, நாமே அறியாமல் நம் கையாலும், நம் பிள்ளைகள்மீதும் எய்யப்படுகிறது. அதனை நிறுத்த உள்ளத்தை ஆராயும் அறிவு வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடலாகாது.

நம்முள் சிலர், "தியானம் இருக்க இதெல்லாம் எதற்கு?" என வினவலாம். தம்மத்தில் அனுசயம் என்றொரு சொல் உண்டு. மனத்தின் அடியில் உறங்கிக் கிடந்து, தக்க வேளையில் விழித்தெழும் போக்குகளை அது குறிக்கும். பிராய்டு கூறிய நனவிலி மனமும் இதுவும் ஒன்றே என்று நான் கூறேன். இரண்டின் நோக்கமும் வேறு. தம்மம் துக்கத்தின் முழு நீக்கத்தை நாடுகிறது. ஆலோசனையோ, மனிதன் அன்பு செய்யவும் உழைக்கவும் இயன்றவனாக வாழ்ந்தால் போதும் என அமைகிறது. ஆனால் கண்களை மூடி அமர்ந்து, எழும் சினத்தை அழுத்திவிட்டு, அதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டுவோர் உளர். பொறுமை வேறு, அமுக்கம் வேறு. பொறுமையுடையவன் தன் சினத்தை அறிவான், அமுக்கியவன் அறியான். அன்றியும், நன்னட்பு தம்ம வாழ்வின் பாதியன்று, முழுமையுமே என்று பகவான் ஆனந்தருக்கு உணர்த்தினார். தன் முதுகைத் தானே காண எவராலும் இயலாது; காண்பதற்கு இன்னொருவர் வேண்டும்.

இந்த அறிவு நம் நாட்டிற்குப் புதியதன்று. கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் என்னும் மருத்துவர் 1922 ஆம் ஆண்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிராய்டோடு பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1940 ஆம் ஆண்டு அச்சங்கத்தார் அந்நகரில் ஒரு மனநல மருத்துவமனையைத் திறந்தனர். அதற்கு இட்ட பெயர் லும்பினி பார்க். பகவான் பிறந்த வனத்தின் பெயரை மனம் நொந்தவர்களின் இல்லத்திற்குச் சூட்டினர் என்பதை எண்ணி நாம் மகிழலாம்.

இவ்வாலோசனை எல்லா நோய்க்கும் மருந்தன்று. ஏனைய பேச்சுச் சிகிச்சைகளைப் போலவே இதுவும் மனச்சோர்வும் அச்சமும் உடைய பலருக்குப் பயன்படுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. இதுவொன்றே சிறந்தது என்று காட்டவில்லை. பயிற்சி பெற்றவரிடமே செல்க. மருத்துவர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ, பிறர் கேளாத குரல்கள் கேட்டாலோ, காத்திராமல் அன்றே மருத்துவரை நாடுக. மனநலச் சிகிச்சை பெறுவது குடிமக்களின் உரிமை என்று 2017 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 2022 ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் டெலிமானஸ் என்னும் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். மனநோய் என்று ஊரார் சொல்வரே என அஞ்சற்க. ஊராரின் சொல்லுக்கு அஞ்சியிருந்தால் நாம் திரிசரணம் ஏற்றிருப்போமா?

ஆலோசகரை நாட இயலாதவரும் இன்றே ஒன்றைத் தொடங்கலாம். அமெரிக்க நாட்டு உளவியலார் லெஸ்டர் லுபார்ஸ்கி, ஒருவருடைய உறவு நிகழ்ச்சிகளை ஆராய மூன்று பகுதிகளைக் கொண்டார். அவற்றை நாம் வினாக்களாக்கிக் கொள்ளலாம். மனம் புண்பட்ட நாளில் ஒரு தாளில் எழுதுக: நான் அவரிடம் எதை விரும்பினேன்? அவர் எப்படி நடந்துகொண்டார், அல்லது நடந்துகொள்வார் என்று எண்ணினேன்? அதன்மேல் நான் என் செய்தேன்? பத்து நிகழ்ச்சிகளை இவ்வாறு எழுதி அருகருகே வைத்துப் பாருங்கள். பெயர்கள் பத்தாக இருக்கும். கதை ஒன்றாக இருக்கக்கூடும். அந்தக் கதை எங்கே தொடங்கிற்று என்று அன்போடு வினவுங்கள். உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டா. காரணத்தைத் தேடுவது வேறு. பழியைத் தேடுவது வேறு.

நம் பெற்றோர் நமக்குச் சொத்து வைத்துச் செல்லவில்லை. பலர் அச்சத்தையும் மௌனத்தையுமே வைத்துச் சென்றனர். அவர்கட்கு வேறு இருக்கவில்லை. அதனை நாம் பிரித்துப் பார்க்காமல் அப்படியே நம் மக்களிடம் ஒப்படைப்போமாயின், சமயம் மாறியும் நாம் மாறாதவர் ஆவோம். மாலையில் வீட்டுக் கதவைத் திறக்கும் முன் ஒரு மூச்சு நின்று, "இந்தச் சினம் யார்மேல் எழுந்தது? யார்மேல் இறங்கப் போகிறது?" என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளுங்கள். அக்கேள்வியைப் பலநாள் கேட்டவர் வீட்டில் குழந்தைகள் தந்தையின் காலடியோசை கேட்டு ஒளிந்துகொள்ளமாட்டார்கள்.

யாவர்க்கும் மங்களம் உண்டாகுக!